சத்தம் வந்தால் யார் ஓடுவார்?

(பொத்துவிலில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



 

கட்டடங்களைக் காக்கவும் பராமரிக்கவும் வந்திருக்கிற புதிய கருவிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சிசிரிவி கமரா, விரலை வைத்தால் திறக்கிற பூட்டு, புகை வந்தால் கத்துகிற உணரி, கொழும்பிலிருந்துகொண்டே கைத்தொலைபேசியில் பொத்துவில் வீட்டைப் பார்க்கிற வசதி. எல்லாப் பெட்டியின் மேலும் ஸ்மார்ட் என்று அச்சடித்திருக்கிறது. இவற்றின் விலையையும் மெகாபிக்சலையும் கடைக்காரர் என்னைவிட நன்றாகச் சொல்வார். நான் உங்களிடம் ஒரேயொரு கேள்வி கேட்க வந்திருக்கிறேன். அதைத் திரும்பத் திரும்பக் கேட்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சத்தம் வந்தால் யார் ஓடுவார்?

இந்தக் கேள்வியைக் கேட்க நம் ஊரைவிடப் பொருத்தமான ஊர் இலங்கையில் இல்லை. 2004 டிசம்பர் 26. கடல் ஏறி வந்த அந்தக் காலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது நம் அம்பாறை மாவட்டம்தான். அன்று நமக்கு எச்சரிக்கை சொல்ல எதுவுமே இருக்கவில்லை. சுமாத்திராவில் நிலம் அதிர்ந்ததற்கும் நம் கரையில் அலை ஏறியதற்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் இருந்தது. இரண்டு மணித்தியாலம்! நடந்தே தப்பியிருக்கக்கூடிய நேரம். சொல்ல ஆளில்லாமல் போனது.

அடுத்த ஆண்டே அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, நிலையம் வந்தது. பிறகு கரையோரம் முழுக்க 77 எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. 2012 ஏப்ரல் 11 ஞாபகம் இருக்கிறதா? சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. அன்று எச்சரிக்கை வந்தது, கரையோர மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டு நிலத்துக்குப் போனார்கள். அலை வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் செய்தி வந்தது, ஆட்கள் அசைந்தார்கள். ஏற்பாடு வேலை செய்தால் இப்படித்தான் இருக்கும்.

பிறகு என்ன நடந்தது? அந்தக் கோபுரங்களுக்கு வருடாவருடம் பட்டரி மாற்ற வேண்டும், அன்டெனாவைப் பார்க்க வேண்டும், உப்புக்காற்று தின்ற கம்பியை மாற்ற வேண்டும். கட்டும்போது கிடைத்த பணம் பராமரிக்கும்போது கிடைக்கவில்லை. காலப்போக்கில் அவற்றில் பல ஊமையாகிப் போயின. கோபுரம் நிற்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, ஆபத்து வந்தால் அது நம்மைக் கூப்பிடும் என்று நாமும் நம்பிக்கொண்டிருக்கிறோம். இல்லாத பாதுகாப்பைவிட, இருப்பதாக நாம் நம்பிக்கொண்டிருக்கிற பாதுகாப்பு ஆபத்தானது. இல்லையென்று தெரிந்தவன் விழித்திருப்பான். இருக்கிறதென்று நம்பியவன் தூங்கிவிடுவான்.

சத்தம் வந்தால் யார் ஓடுவார் என்று கேட்டேன். அதற்கு முன்னால், சத்தம் வருமா?

நம் மாவட்டத்தில் இந்தக் கதை ஒன்றல்ல. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சுனாமியால் வீடிழந்தவர்களுக்காக சவூதி அரேபியாவின் உதவியில் 500 வீடுகள் கட்டினார்கள். பள்ளிவாசலோடு, பாடசாலையோடு, வைத்தியசாலையோடு ஒரு முழு ஊரையே கட்டினார்கள். யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. வீடுகள் பல ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்து, காடேறி, கதவும் ஜன்னலும் போயின. அந்த அநியாயத்தின் அரசியலைப் பேச இன்று எனக்கு நேரமில்லை. கட்டடத்தைப் பற்றி அது சொல்லித் தருவதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆளில்லாத கட்டடம் சாகத் தொடங்குகிறது. அறுகம்பைக் கரையிலுள்ள நம் உல்லையில் ஏப்ரலில் தொடங்கி ஒக்டோபர் வரைக்கும்தான் சீசன். மாரி பிறந்தால் அலைச்சறுக்கு வீரர்கள் போய்விடுவார்கள், பாதி விடுதிகளுக்குப் பூட்டு விழும். நான்கைந்து மாதம் ஈரமும் உப்பும் அந்தக் கட்டடங்களைத் தின்னும். அந்த மாதங்களில் அங்கே யார் கண் வைக்கிறார்கள்?

கமரா இருக்கிறதே என்பீர்கள். நல்லது, கமராவுக்கே வருவோம்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் தேவாலயத்தின் கமராப் படத்தை நீங்கள் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தீர்கள். முதுகில் பாரமான பையோடு ஒருவன் நடந்து வருகிறான். முற்றத்தில் எதிர்ப்பட்ட ஒரு குழந்தையின் தலையைத் தொடுகிறான். தேவாலயத்துக்குள் போகிறான். எல்லாம் பதிவாகியிருந்தது, தெளிவாகவே பதிவாகியிருந்தது. அந்த நாளின் குண்டுத் தாக்குதல்களில் நாடெங்கும் 250க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. கமரா பார்த்தது. கமராவால் தடுக்க முடியவில்லை.

அதற்கும் முன்னால், வெளிநாட்டு உளவுத்துறை தந்த எச்சரிக்கை கடிதமாகவே அதிகாரிகளின் மேசைக்கு வந்திருந்தது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், அந்த எச்சரிக்கை இருந்தும் கடமையைச் செய்யாததற்காக முன்னாள் ஜனாதிபதிக்கும் அதிகாரிகளுக்கும் எதிராகத் தீர்ப்பளித்து, நட்டஈடு கட்டச் சொன்னது. சத்தம் வந்தது. யாரும் ஓடவில்லை. அதன் பழியை இந்த நாட்டின் ஒவ்வொரு முஸ்லிம் வீடும் சுமந்தது. நீங்களும் சுமந்தீர்கள், நானும் சுமந்தேன்.

அந்த உயிர்த்த ஞாயிறுக்கு ஐந்தாம் நாள், ஏப்ரல் 26, சாய்ந்தமருது. ஒரு வாடகை வீட்டுக்குப் புதிதாக ஆட்கள் வந்திருக்கிறார்கள். போக்கும் வரத்தும் சரியில்லை என்று அயலவருக்கு மனசில் பட்டது. பள்ளிவாசல் ஆட்களுக்குச் செய்தி போனது, பொலிசுக்குத் தகவல் போனது, படையினர் வந்தார்கள். அந்த வீட்டுக்குள் நடந்த குண்டுவெடிப்பு நம்மையெல்லாம் உலுக்கியது. குழந்தைகளும் போனார்கள். ஆனால் அந்த வெடிகுண்டுகள் இன்னொரு ஊருக்கு, இன்னொரு கூட்டத்துக்கு நடுவில் போய் வெடிக்கவில்லை. அந்த வீட்டைக் கண்டது கமரா இல்லை. ஏன், எதற்கு என்று கேட்கத் துணிந்த அயல்வீட்டு மனிதர்கள்!

ஆகவே கமரா வேண்டாமா? வேண்டும். நிச்சயம் வேண்டும். 2024 ஒக்டோபர் 23 அன்று அறுகம்பைப் பக்கம் போக வேண்டாமென்று அமெரிக்கத் தூதரகம் தன் நாட்டவருக்குச் சொன்னதும் உல்லைத் தெரு எப்படி வெறிச்சோடியதென்று உங்களுக்குத் தெரியும். பொலிசார் வந்து குவிந்தார்கள், விருந்தினர் மூட்டை கட்டினார்கள். அடுத்த மாதமே அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். ஆனால் ரத்தான முன்பதிவு திரும்பவில்லை. பாதுகாப்பு என்பது நம் ஊருக்குச் சோறு. அதை இனி யாரும் எனக்கு விளக்கத் தேவையில்லை, உங்களுக்கும் தேவையில்லை.

ஆனால் எதை முதலில் வாங்குவது? இதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து இருக்கிறது. கமரா முதலாவதல்ல. நெருப்புத்தான் முதலாவது.

திருடன் வந்தால் பொருள் போகும். நெருப்பு வந்தால் ஆள் போகும். 2004 ஜூலை 16, தமிழ்நாட்டில் கும்பகோணம். ஒரு பள்ளிக்கூடத்தின் சமையலறைத் தீ கூரைக் கீற்றில் பற்றியது. 94 பிள்ளைகள். சகோதரர்களே, 94 பிள்ளைகள்! மேலே கீற்றுக்கூரை, ஒடுங்கிய படி, போக வழியில்லை. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எந்த ஸ்மார்ட் கருவியும் தேவைப்பட்டிருக்காது. பற்றாத கூரையும் திறந்திருந்த இரண்டாவது வழியும் போதுமாக இருந்திருக்கும்.

இப்போது உல்லையின் கபானாக்களை நினைத்துப் பாருங்கள். இலுக்குப் புல்லும் கிடுகும் வேய்ந்த கூரை. உள்ளே நுளம்புவலை, மரக்கட்டில், சார்ஜில் கிடக்கிற தொலைபேசி, சிலவேளை மெழுகுதிரி. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஆள் நடக்கிற இடைவெளி. கல்முனை மாநகர சபையின் தீயணைப்பு வண்டி மணி அடித்துக்கொண்டு புறப்பட்டாலும், எழுபது கிலோமீற்றர் தாண்டி வருவதற்குள் என்ன மிஞ்சும்? ஆகவே முதல் ஐந்து நிமிடம் நம்முடையது. அந்த ஐந்து நிமிடத்தை நமக்கு வாங்கித் தருவதுதான் புகை உணரி.

அது ஒரு சின்னப் பெட்டி. பிடித்து வைத்த ஒளிக்கற்றையில் புகைத்துகள் பட்டால் கத்தும். விலையும் பெரிதில்லை. ஆனால் நான் ஒரு விடுதியில் என்ன கண்டேன் தெரியுமா? ஒவ்வோர் அறையிலும் உணரி இருந்தது. ஒவ்வோர் உணரியும் பொலித்தீன் பையால் சுற்றி, ரப்பர் போட்டுக் கட்டியிருந்தது! ஏன் என்று கேட்டேன். “நுளம்புச்சுருள் கொளுத்தினா கத்துது சேர், ஆக்கள் தூங்க ஏலாம ஏசுறாங்க” என்றார் அந்தத் தம்பி. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பொருத்தியவர் படுக்கைக்கு நேர் மேலே, சுருள் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் பொருத்திவிட்டுப் போய்விட்டார். இடத்தை மாற்றியிருந்தால் போதும். குசினிக்குப் புகை உணரியே பொருந்தாது, அங்கே வெப்பத்தை அறிகிற உணரிதான் பொருந்தும். ஒவ்வொரு நாளும் பொரியலுக்குக் கத்துகிற கருவியை நாலாம் நாள் கழற்றிவிடுவார்கள். அதுதான் மனித இயல்பு. அந்த இயல்பை அறிந்து பொருத்துவதுதான் தொழில் தெரிந்தவனின் வேலை. மாதம் ஒருமுறை அதன் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். பத்து வருடத்தில் பெட்டியையே மாற்ற வேண்டும். அந்தப் பொத்தானை அழுத்துகிற கை யாருடையது? பெயரைச் சொல்லுங்கள்.

அடுத்தது மின்சாரம். இங்கேயும் நம்மவர்கள் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன், அட்டை காட்டினால், விரலை வைத்தால் திறக்கிற கதவுகளைப் பற்றி. மின்சாரம் போனால் அந்தக் கதவு என்ன செய்யும்? சில பூட்டுகள் காந்தத்தால் பிடித்திருக்கும், மின் போனால் விட்டுவிடும், கதவு திறந்துகொள்ளும். சில பூட்டுகள் மின் போனால் இறுகிக்கொள்ளும். பணப்பெட்டி அறைக்கு இரண்டாவது சரி. மாணவர் விடுதிக்கு? வைத்தியசாலை வார்ட்டுக்கு? குர்ஆன் மத்ரஸாவில் பிள்ளைகள் தூங்குகிற மண்டபத்துக்கு? ஆட்கள் இருக்கிற இடத்தில், மின் போனால் கதவு திறக்கத்தான் வேண்டும். உள்ளேயிருந்து, சாவியில்லாமல், ஒரே தள்ளில், ஒரு குழந்தையின் கையாலும் திறக்க வேண்டும். வாங்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். கடைக்காரருக்குப் பதில் தெரியாவிட்டால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.

மின் போகாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தவர்கள் நாங்கள். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடு முழுவதும் இருண்டது. அதனால் எல்லாக் கருவிக்கும் பின்னால் யுபிஎஸ் பட்டரி இருக்கிறது என்பார்கள். அந்தப் பட்டரி 25 பாகை வெப்பத்துக்குச் செய்தது. வெப்பம் பத்துப் பாகை கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். நம் ஊர் வெயிலில், தகரக் கூரையின் கீழ், காற்றோட்டமில்லாத அலுமாரிக்குள் வைத்த பட்டரி எத்தனை நாள் தாங்கும்? அதை நிழலுக்கும் காற்றுக்கும் மாற்றி வையுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

கடலுக்கு முகம் பார்த்திருக்கிற கமராக்களையும் ஒருமுறை ஏணி வைத்து ஏறிப் பாருங்கள். வெளிக்கூடு வெள்ளை வெளேரென்று புதிதாகத்தான் இருக்கும். பின்னாலுள்ள இணைப்பைக் கழற்றினால் பித்தளை முனையில் பச்சைப் பாசிபோலக் களிம்பு ஏறியிருக்கும், தொட்டால் தூளாக உதிரும். படம் முதலில் நடுங்கும், பிறகு கோடு விழும், பிறகு ஒருநாள் கறுக்கும். திரையில் எட்டுக் கட்டத்தில் மூன்று கறுத்துக் கிடந்தால் அந்த மூன்று கட்டமும் பெரும்பாலும் கடற்பக்கம்தான். இணைப்பை மூடிய பெட்டிக்குள் வைத்து, நீர் புகாத நாடா சுற்றி, சீசனுக்கு முன் ஒருமுறை, மாரிக்கு முன் ஒருமுறை துடைத்தால் அந்தக் கமரா வருடக்கணக்கில் நிற்கும். பதிவுப்பெட்டியின் கடிகாரத்தையும் பாருங்கள். இரண்டு மணித்தியாலம் பிந்தி ஓடுகிற கடிகாரத்தின் படத்தைப் பொலிசில் கொடுத்தால், “சம்பவம் நடந்தது எத்தனை மணிக்கு?” என்ற முதல் கேள்வியிலேயே அது அடிபட்டுப் போகும். பழைய பதிவு சில வாரத்தில் தானாக அழிந்து, அதன் மேல் புதிய பதிவு ஏறும். ஏதாவது நடந்தால் அன்றைக்கே படத்தை எடுத்து வையுங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒன்றே ஒன்று. பெரிய கட்டடங்களில் உணரிகள் இரவு நேர நீரோட்டத்தை அளந்து, ஒழுக்கைக் கண்டுபிடிக்கின்றன. அதை நம் பள்ளிவாசலில் இன்றிரவே செய்யலாம். இஷாவுக்குப் பிறகு கதவு பூட்டும்போது நீர்மானியின் எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள். சுபஹுக்கு முன் மறுபடி எழுதுங்கள். யாரும் குழாயைத் தொடாத நேரத்தில் எண் ஓடியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. குடிதண்ணீருக்குக் குடம் தூக்கிய ஊர் இது. வுழூச் செய்யும்போதும் வீண்விரயம் கூடாதென்று படித்த சமூகம் இது. எண்ணெழுதிப் பார்ப்பதுதான் இந்தத் துறையின் அடிப்படை. சீதுவையிலுள்ள பிரண்டிக்ஸ் ஆடைத் தொழிற்சாலை 2008இல் பசுமைக் கட்டடத்துக்கான லீட் பிளாட்டினம் தரத்தைப் பெற்றபோதும் வேலையின் தொடக்கம் அளப்பதுதான். எத்தனை யூனிட் போகிறது, எங்கே போகிறது என்று தெரியாமல் எதையும் குறைக்க முடியாது.

இனி, எனக்கு அதிகம் கவலை தருகிற விஷயத்துக்கு வருகிறேன்.

இணையத்தோடு இணைத்த கமரா வெளியே திறக்கிற ஒரு கதவு. 2016இல் மிராய் என்ற தீய மென்பொருள் உலகெங்கும் கமராக்களையும் பதிவுப்பெட்டிகளையும் லட்சக்கணக்கில் பிடித்தது. எப்படிப் பிடித்தது? பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. தொழிற்சாலையில் போட்டனுப்பிய கடவுச்சொற்கள் அறுபதுக்கு மேல் அதனிடம் இருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. மாற்றாதவர்களின் பெட்டியெல்லாம் திறந்தது. அப்படிப் பிடித்த கருவிகளை ஏவிவிட்டதில், அந்த ஒக்டோபர் 21ஆம் திகதி அமெரிக்காவில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்சும் திணறின. 2021 மார்ச்சில் வெர்காடா என்ற கமரா நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் வைத்தியசாலை, பாடசாலை, சிறைச்சாலை என்று ஒன்றரை லட்சம் கமராக்களின் படத்தைக் கண்டார்கள். விற்பவர்களுக்கே இந்த நிலை. உங்கள் வீட்டுக் கமராவின் கடவுச்சொல் என்ன? பெட்டியோடு வந்ததா? பொருத்தின தம்பி போட்டதா? அவருக்கு இன்றும் அது தெரியுமா? இன்றிரவு வீட்டுக்குப் போனதும் மாற்றுங்கள்.

யார் யாரைப் பார்க்கிறார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லி, பிறகே பிறர் வீட்டுக்குள் நுழையுங்கள் என்று சூரத்துன் நூர் நமக்குக் கற்றுத் தந்தது. உங்கள் மதிலில் பொருத்திய கமரா அடுத்த வீட்டு ராத்தாவின் கிணற்றடியைப் பார்க்குமானால், நீங்கள் அனுமதியில்லாமல் அந்த வீட்டுக்குள் இரவும் பகலும் நின்றுகொண்டிருக்கிறீர்கள். உங்கள் வாசலும் உங்கள் வளவும் மட்டும் தெரியும்படி முகத்தைத் திருப்புங்கள். பெண்கள் தொழும் பகுதி, உடைமாற்றும் இடம், விடுதி அறை, இங்கெல்லாம் கமரா என்ற பேச்சுக்கே இடமில்லை. கமரா உள்ள இடத்தில், கமரா இருக்கிறது என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுங்கள். நாட்டுச் சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது, படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. ஒருவரின் முகமும் விரலடையாளமும் சும்மா சேர்த்து வைக்கிற சரக்கல்ல. நம் பேச்சு வழக்கில் அதற்கு ஒரு சொல் போதும், அமானிதம்.

விரலடையாளம் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோணி இழுத்து, வலை இழுத்து, மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலை அந்த இயந்திரம் பல தடவை அடையாளம் காணாது. எங்கள் மீனவக் காக்காமாரை வரிசையில் நிறுத்தி, “திரும்ப வையுங்க, திரும்ப வையுங்க” என்று அவமதிக்கிற இயந்திரம் ஓர் அலுவலகத்தில் இருந்தால், பக்கத்தில் ஒரு கையெழுத்துக் கொப்பியும் இருக்கட்டும். உழைத்த விரலுக்குத் தண்டனை வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்? ஒவ்வொரு பள்ளிவாசலும், ஒவ்வொரு பாடசாலையும், ஒவ்வொரு விடுதியும் ஒரு கொப்பி போடட்டும். ஒரு பக்கத்தில் கருவியின் பெயர், எதிர்ப்பக்கத்தில் ஆளின் பெயர். புகை உணரி: இன்னார். ஜெனரேட்டர் எண்ணெய்: இன்னார். பின்கதவு: இன்னார். இரவில் சத்தம் வந்தால் முதலில் ஓடுகிறவர், அவர் ஊரில் இல்லாவிட்டால் ஓடுகிற இரண்டாமவர். நிர்வாகம் என்று எழுதாதீர்கள், நிர்வாகம் ஓடாது. அதே பக்கத்தின் மேலே 119, 1990, 117 என்ற மூன்று எண்களைப் பெரிதாக எழுதுங்கள். பொலிஸ், சுவசெரிய அம்புலன்ஸ், அனர்த்த முகாமைத்துவ நிலையம்.

உல்லை விடுதிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொருவரும் தனித்தனியே கொழும்பிலிருந்து ஆள் கூப்பிட்டு, அவர் வருகிற நாள் பார்த்துக் காத்திருப்பதை விடுங்கள். பத்து விடுதி சேர்ந்து மாதக் கூலிக்கு இரண்டு தம்பிமாரை வையுங்கள். சீசனில் பழுது பார்க்கட்டும், மாரியில் பூட்டிய கட்டடங்களை வாரம் ஒருமுறை திறந்து, காற்றாடவிட்டு, தண்ணீர் ஒழுக்குப் பார்த்து, பட்டரி சோதித்து, கொப்பியில் எழுதி வரட்டும். உயர்தரம் முடித்துவிட்டு, வெளிநாட்டு விசாவுக்காகக் காத்திருக்கிற பிள்ளைகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். ஒலுவிலில் நம் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் இருக்கின்றன. அங்குள்ள ஆசிரியர்களை அழைத்து, சான்றிதழோடு ஒரு குறும்பயிற்சி கேட்போம். கட்டாரிலும் துபாயிலும் பெரிய கட்டடங்களை இரவு பகலாய்ப் பராமரித்துத் திரும்பிய நம் சகோதரர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். அங்கே பராமரிப்புக்கு அட்டவணை போட்டு வேலை செய்தவர்கள் நீங்கள். முதல் ஆசிரியர்கள் நீங்களாகவே இருக்க முடியும்.

வெளியே வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். பயிற்சிக்கு வர விரும்புகிற பிள்ளைகள், கற்றுக்கொடுக்க விரும்புகிற காக்காமார், தங்கள் கட்டடத்தை முதலில் சோதித்துப் பார்க்கக் கொடுக்கிற நிர்வாகிகள், மூவரும் தனித்தனிப் பக்கத்தில் பெயரையும் தொடர்பு எண்ணையும் எழுதிவிட்டுப் போங்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனிப்பக்கம் இருக்கிறது. இந்த மாதத்துக்குள்ளேயே முதல் வகுப்பைத் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.